பனிக்குப் பிறகு பெட்ரோல் ஒழுகினால்

இந்தியாவின் வடக்கு எல்லையில் லடாக் இருக்கிறது. சுற்றிலும் மலைகள். 2019ஆம் ஆண்டு அது தனி யூனியன் பிரதேசம் ஆனது. அங்கே பெரிய ஊர் லே. கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

அங்கே குளிர்காலம் மிகக் கடுமையானது. சில இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும். குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். சாலையில் பனி கண்ணாடி மாதிரி கிடக்கும். மனாலியிலிருந்து லேக்கு வரும் மலைச் சாலை மாதக்கணக்கில் மூடியிருக்கும்.

இந்தக் குளிரில் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியுமா? பலர் ஓட்டுவதில்லை. நவம்பரில் வண்டியை ஓர் அறையில் நிறுத்துவார்கள். மேலே சாக்கைப் போர்த்துவார்கள். ஏப்ரலில்தான் சாக்கை எடுப்பார்கள்.

லடாக்கில் கட்டட வேலை, சாலை வேலை, சுற்றுலா வேலை எல்லாம் பெரும்பாலும் கோடையில்தான். அந்தச் சில மாதச் சம்பாத்தியத்தில்தான் பனிக்காலத்தைத் தள்ள வேண்டும். வேலை தொடங்கும் நேரத்தில் வண்டி கிளம்பவில்லை என்றால் என்ன ஆகும்? கூலி போகும்.

லடாக் என்றதும் பலருக்குப் புல்லட் வண்டி நினைவுக்கு வரும். அது நம் சென்னையில் 1955 முதல் செய்யப்பட்ட வண்டி. எல்லையில் ரோந்து போக ராணுவம் அதைத்தான் கேட்டது. ஆனால் இந்தப் பாடம் புல்லட்டுக்கு மட்டும் அல்ல. கார்புரேட்டர் உள்ள எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும்.

ஒரு கதையாகச் சொன்னால் எளிதாகப் புரியும்.

தரையில் ஈரம்

லேக்கு அருகே ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஓர் இளைஞர். கொத்தனார் வேலை செய்பவர். அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. ஐந்து மாதம் கழித்து அன்று காலை சாக்கை எடுத்தார். தூசி தட்டினார். பெட்ரோல் டேப்பைத் திறந்தார். தேநீர் குடிக்க உள்ளே போனார்.

திரும்பி வந்தார். அறை முழுவதும் பெட்ரோல் நாற்றம். வண்டிக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. கார்புரேட்டரிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

பக்கத்துத் தெருவில் ஒரு மெக்கானிக் இருந்தார். இளைஞர் ஓடிப்போய் அவரை அழைத்து வந்தார்.

லடாக்கில் அண்ணனை 'அச்சோ' என்பார்கள். நம் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கும்! தம்பியை 'நோனோ' என்பார்கள். உறவு இல்லாதவர்களையும் இப்படித்தான் அழைப்பார்கள்.

மெக்கானிக் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நோனோ, சாவியைத் திருப்பினாயா? உதைத்தாயா?"

"இல்லை அச்சோ. டேப்பை மட்டும்தான் திறந்தேன்."

"நல்லவேளை. அந்த அறையில் என்ன எரிகிறது?"

"புகாரி எரிகிறது. அம்மா குளிர் காய்கிறார்கள்."

புகாரி என்பது தகரத்தில் செய்த கணப்பு அடுப்பு. விறகும் வறட்டியும் போட்டு எரிப்பார்கள். அது எரிந்த அறைக்கும் வண்டி நின்ற அறைக்கும் நடுவே ஒரு கதவுதான் இருந்தது.

"முதலில் அம்மாவை வெளியே அழைத்து வா. அடுப்பின் வாயை மூடு. நடுக்கதவைச் சாத்து. கதவுக்கு அடியில் ஈரச் சாக்கைத் திணி" என்றார் மெக்கானிக்.

"அடுப்பு அந்த அறையில்தானே இருக்கிறது, அச்சோ? பெட்ரோல் இங்கே அல்லவா இருக்கிறது?"

"பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். கதவு இடுக்கில் நுழையும். தீ இருக்கும் இடத்துக்கு அதுவே தேடிப் போகும். அங்கே பற்றும். பற்றிய தீ ஓடி இங்கே வரும்."

இளைஞர் முகம் வெளுத்துவிட்டது.

அறை இருட்டாக இருந்தது. அவர் விளக்கு சுவிட்சில் கை வைத்தார். மெக்கானிக் தடுத்தார். சுவிட்ச் போடும்போது உள்ளே சிறு பொறி பறக்கும். அந்தப் பொறி போதும்.

வாசல் கதவை நன்றாகத் திறந்தார்கள். டேப்பை மூடினார்கள். வண்டியை முற்றத்துக்குத் தள்ளினார்கள். தரையில் மணலைக் கொட்டினார்கள். ஊறிய மணலை வாரி, வீட்டுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவில், திறந்தவெளியில் போட்டார்கள். துடைத்த துணியையும் அங்கேயே காயப்போட்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரு ஸ்குரூவைக்கூட அவர் இன்னும் தொடவில்லை. வண்டியைப் பழுது பார்ப்பது பிறகு. முதல் வேலை இதுதான். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து தீயைப் பரப்பும். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொண்டுதான் அவர் வேலையைத் தொடங்கினார்.

கார்புரேட்டர் என்ன செய்கிறது?

பெட்ரோல் தனியாக எரிந்து எஞ்சினை ஓட்டாது. அதோடு காற்றைச் சரியான அளவில் கலக்க வேண்டும். அந்த வேலையைக் கார்புரேட்டர் செய்கிறது.

டேங்கிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பெட்ரோல் வருகிறது. கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. பெட்ரோல் அதில் வந்து நிற்கும். அங்கிருந்து எஞ்சின் வேண்டிய அளவு உறிஞ்சிக்கொள்ளும்.

கிண்ணம் நிரம்பினால் யார் நிறுத்துவது?

மாடியில் தண்ணீர்த் தொட்டி பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பந்து மிதக்கும். தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறும். தொட்டி நிரம்பியதும் அது குழாயை அடைத்துவிடும். கார்புரேட்டரிலும் அதே ஏற்பாடுதான். கிண்ணத்துக்குள் ஒரு மிதவை இருக்கிறது. மிதவையோடு ஒரு சிறு ஊசி இருக்கிறது. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும். மிதவை ஊசியை மேலே தள்ளும். ஊசியின் கூர்முனை பெட்ரோல் வரும் துளையை அடைக்கும்.

அந்த முனையில் ஒரு துரும்பு ஒட்டினாலும் துளை முழுதாக மூடாது. பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். கிண்ணம் நிரம்பி வழியும்.

நிற்கும் வண்டிக்கு ஏன் இது வருகிறது?

பெட்ரோல் குளிரில் உறையவில்லையே, பிறகு என்ன கெடுதல் என்று கேட்கலாம். பெட்ரோல் உறையாதுதான். ஆனால் ஆவியாகும். கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் மெல்ல மெல்ல ஆவியாகிப் போகும். ஆவியாகாத பகுதி அடியில் தங்கும். அது பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி இறுகும். ஊசியைப் பிடித்துக்கொள்ளும். மிதவையைப் பிடித்துக்கொள்ளும். சிறு துளைகளை அடைக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நாம் வாங்கும் பெட்ரோலில் இப்போது எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் என்பது கரும்பு, தானியம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் சாராயம். 2022ல் இந்த அளவு 100க்கு 10 பங்கை எட்டியது. 2025ல் 20 பங்கை எட்டியது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். நெடுநாள் நின்றால், ஈரம் அதிகமானால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். அது உலோகத்தை அரிக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் இதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. சில உப்பும். சில விறைத்து வெடிக்கும்.

எங்கே ஒழுகுகிறது?

இளைஞர் உடனே கார்புரேட்டரைக் கழற்றச் சொன்னார். மெக்கானிக் கேட்கவில்லை. ஓர் உலர்ந்த துணியால் கார்புரேட்டரைச் சுற்றிலும் துடைத்தார். அடியில் ஒரு தகர டப்பாவை வைத்தார். பிறகு டேப்பைத் திறந்தார். குனிந்து பார்த்தார்.

ஏன் அப்படி? ஈரம் எங்கே முதலில் தெரிகிறது என்று பார்க்கத்தான். ஒழுகும் இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ரப்பர் குழாய் மாட்டியுள்ள இடத்தில் ஈரம் தெரிந்தால், குழாய் வெடித்திருக்கும். அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். புதுக் குழாய் போட்டால் போதும். பெட்ரோல் குழாய் என்று கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர்க் குழாய் ஆகாது.

கிண்ணத்தின் மூடு விளிம்பில் ஈரம் கசிந்தால், அங்குள்ள ரப்பர் பேக்கிங் கெட்டிருக்கும். கிண்ணத்தின் அடியில் பெட்ரோலை வடிக்க ஒரு ஸ்குரூ உண்டு. அது தளர்ந்தாலும் சொட்டும். டேப்பை மூடிய பிறகும் பெட்ரோல் வந்துகொண்டே இருந்தால் டேப்பே பழுது.

கிண்ணத்திலிருந்து தரைக்கு ஒரு மெல்லிய குழாய் தொங்கும். கிண்ணம் நிரம்பினால் மிச்சம் வெளியே போவதற்கான குழாய் அது. அதன் வழியாகச் சொட்டினால் ஊசி சரியாக மூடவில்லை என்று பொருள்.

இந்த வண்டியில் அந்தக் குழாயில்தான் சொட்டியது. நெடுநாள் நின்ற வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

முதலில் எளிய வைத்தியம்

மெக்கானிக் திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்தார். அதன் மரப்பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் மெதுவாக இரண்டு மூன்று தட்டுத் தட்டினார். சில வேளை ஒட்டிய ஊசி இந்த அதிர்ச்சியிலேயே விடுபடும். பலமாக அடிக்கக் கூடாது. கிண்ணம் உடையும்.

பிறகு டேப்பை மூடி, அடி ஸ்குரூவைத் தளர்த்தி, கிண்ணத்திலிருந்த பெட்ரோலை டப்பாவில் வடித்தார். அது தேநீர் நிறத்தில் இருந்தது. புளித்த பெயின்ட் வாசனை அடித்தது. டேங்கில் இருந்த பழைய பெட்ரோலையும் ஒரு தகர டின்னில் இறக்கினார். புதுப் பெட்ரோல் கொஞ்சம் ஊற்றினார். கிண்ணத்தை அதனால் அலசி வடித்தார். எத்தனையோ வண்டிகளில் இவ்வளவோடு ஒழுகல் நின்றுவிடும்.

இந்த வண்டியில் நிற்கவில்லை.

திறந்து பார்த்தபோது

டேப்பை மூடினார்கள். ரப்பர் குழாயைக் கழற்றினார்கள். கார்புரேட்டரை வெளியே எடுத்து, ஓர் அகலமான வெள்ளைத் துணியின் மேல் வைத்தார்கள். உள்ளே இருப்பவை மிகச் சிறிய பாகங்கள். துணி விரிக்காமல் மண் தரையில் கழற்றினால் தேடியே பொழுது போகும்.

கிண்ணத்தைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் மென்மையானவை. அளவு சரியான திருப்புளி வேண்டும். சிறிய திருப்புளியால் திருகினால் தலை தேய்ந்துவிடும். அப்புறம் அது வராது.

கிண்ணம் திறந்தது. உள்ளே அடியில் பழுப்புப் பிசின் படிந்திருந்தது.

மிதவையை ஒரு மெல்லிய கம்பி தாங்குகிறது. மெக்கானிக் அந்தக் கம்பியை மெதுவாகத் தள்ளி எடுத்தார். அதைத் தாங்கும் இரண்டு கால்களும் எளிதில் உடையும். அவை உடைந்தால் கார்புரேட்டரையே மாற்ற வேண்டியதுதான்.

மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் மிதவை ஓட்டை. ஓட்டை மிதவை எழும்பாது. அதனால் ஊசியும் மூடாது. சத்தம் வரவில்லை. மிதவை நன்றாக இருந்தது.

பிறகு ஊசியைப் பார்த்தார்கள். முனையெல்லாம் பிசின். இளைஞர் உப்புத்தாளை எடுத்தார்.

"வைத்துவிடு நோனோ. அந்த முனை வழவழப்பாக இருந்தால்தான் அடைக்கும். தேய்த்தால் கோடு விழும். கோடு வழியாகப் பெட்ரோல் போகும்."

கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊசியை ஊறவைத்தார். மெல்லிய துணியால் துடைத்தார். பிசின் போனது. ஊசியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முனையைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல ஒரு வரி தெரிந்தது.

"இதோ பார். பல வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து தேய்ந்த தடம் இது. கழுவினாலும் இந்த ஊசி இனிமேல் மூடாது. புது ஊசி வாங்கி வா. கையோடு புது பேக்கிங்கும் வாங்கு."

புது ஊசி வரும்வரை மெக்கானிக் மற்றதைக் கழுவினார். ஊசி உட்காரும் துளையைத் துணித் திரியால் துடைத்தார். ஜெட் எனப்படும் சிறு துளைப் பாகங்களைக் கழற்றித் திரவத்தில் ஊறப்போட்டார். காற்றடித்து ஊதினார். இரும்புக் கம்பியை உள்ளே விடவில்லை. கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும். பிறகு வண்டி பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும். அந்தத் திரவம் கண்ணில் தெறித்தால் கெடுதல். அவர் கண்ணாடி போட்டிருந்தார்.

புது ஊசியை மாட்டினார்கள். இப்போது ஒரு சின்னச் சோதனை. காய்ந்த கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தார். மிதவையின் கனம் ஊசியை அழுத்தியது. பெட்ரோல் வரும் வாயில் சுத்தமான புதுக் குழாயைச் சொருகி ஊதினார். காற்று போகவில்லை. மிதவையை விரலால் தூக்கி ஊதினார். காற்று போனது. ஊசி வேலை செய்கிறது! பழைய குழாயை வாயில் வைக்கக் கூடாது. பெட்ரோல் வயிற்றுக்குள் போனால் ஆபத்து. நுரையீரலுக்குள் போனால் இன்னும் பெரிய ஆபத்து.

மிதவையில் ஒரு சிறிய தகடு இருக்கும். அதை வளைத்தால் பெட்ரோல் மட்டம் மாறும். சிலர் ஒழுகலை நிறுத்த அதை வளைப்பார்கள். அளவு தெரியாமல் வளைப்பது தவறு என்பது என் கருத்து. பழுது ஊசியில் இருக்கும்போது மிதவையைத் தண்டிப்பானேன்?

எஞ்சின் ஆயிலையும் பாருங்கள்

கார்புரேட்டரை மாட்டியாயிற்று. ஒழுகல் நின்றது. இளைஞர் வண்டியை உதைக்கப் போனார்.

"பொறு. ஆயிலைப் பார்த்தாயா?"

"நவம்பரில்தான் மாற்றினேன் அச்சோ. புது ஆயில்."

மெக்கானிக் ஆயில் அளவுக் குச்சியை எடுத்தார். முகர்ந்தார். இளைஞரிடம் நீட்டினார். பெட்ரோல் வாசனை. அளவும் மேல் கோட்டைத் தாண்டி நின்றது.

வழிந்த பெட்ரோல் எல்லாம் தரையில் விழாது. கொஞ்சம் எஞ்சினுக்குள்ளும் போகும். பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலோடு கலக்கும். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீர்போல ஆகிவிடும். வழவழப்பு இருக்காது. இரும்போடு இரும்பு உரசும். வண்டி கிளம்பும், ஓடும். சில நாளில் எஞ்சினுக்குள் சத்தம் வரும். அப்போது செலவு ஊசியின் விலை அல்ல.

"ஆயில் விலை தெரியுமா அச்சோ? இந்த வாரம் மட்டும் ஓட்டிக்கொள்கிறேனே. கூலி வந்ததும் மாற்றுகிறேன்."

"கூலி வரும்வரை எஞ்சின் இருக்க வேண்டுமே! வேண்டுமானால் என் கூலியைப் பிறகு கொடு. ஆயிலை இன்றைக்கே மாற்று."

பழைய ஆயிலை டப்பாவில் வடித்தார்கள். புது ஆயில் ஊற்றினார்கள். சாவியை எடுத்துப் பையில் போட்டார் மெக்கானிக். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தூரமாக வைத்தார். மெதுவாக இரண்டு முறை உதைத்தார். பிஸ்டனுக்கு மேலே பெட்ரோல் தேங்கியிருந்தால் பிளக் துளை வழியாக வெளியே வந்துவிடும். அதை வெளியேற்றாமல் பலமாக உதைத்தால் உள்ளே ராடு வளைந்துபோகும். சாவி போட்டிருந்தால் பிளக் பொறியில் தீப்பற்றும்.

அரை மணி காயவிட்டு, பிளக்கை மாட்டி, முற்றத்திலேயே வண்டியைக் கிளப்பினார்கள். நாலாவது உதையில் கிளம்பியது. கால் மணி நேரம் ஓடவிட்டுக் கார்புரேட்டருக்கு அடியில் கையால் தடவிப் பார்த்தார்கள். ஈரம் இல்லை.

அடுத்த முறை நிறுத்தும்போது

வண்டியை நிறுத்தும் நாளில் பத்து நிமிடம் செலவு செய்தால் இவ்வளவு வேலை வராது. வெளியே நிறுத்தி, டேப்பை மூடி, எஞ்சினை ஓடவிடுங்கள். கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் தீர்ந்ததும் எஞ்சின் தானே நிற்கும். மிச்சத்தை அடி ஸ்குரூ வழியாக வடித்துவிடுங்கள். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் உயிரைக் கொல்லும் வாயு உண்டு. அதற்கு வாசனையும் கிடையாது.

டேங்கை நிரப்பி வைப்பதா, காலி செய்வதா? நிரப்பினால் உள்ளே துரு பிடிக்காது என்பார்கள். அது சரிதான். ஆனால் அடுப்பு எரியும் வீட்டுக்குள் பத்து லிட்டர் பெட்ரோலை ஐந்து மாதம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டை விட்டுத் தள்ளிக் கொட்டகை இருந்தால் நிரப்பி வையுங்கள். இல்லையென்றால் காலி செய்து, உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஆயிலை ஊற்றிச் சுழற்றி வையுங்கள். மறுபடி பெட்ரோல் போடும் முன் அந்த ஆயிலை வடித்துவிட வேண்டும்.

பனி பெய்யாத ஊரிலும் இது நடக்கும். 2020ல் ஊரடங்கு வந்தபோது நாடெங்கும் வண்டிகள் வாரக்கணக்கில் நின்றன. வெளியூர் வேலைக்குப் போனவர் வண்டியும் நிற்கும். கால் முறிந்து படுத்தவர் வண்டியும் நிற்கும். பெட்ரோலுக்கு லடாக்கும் ஒன்றுதான், சமவெளியும் ஒன்றுதான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலைப் பீய்ச்சும் மின்கருவி இருக்கிறது. அதை இப்படித் திறக்கக் கூடாது. அது வேறு பாடம்.

படித்துவிட்டுப் பேசுங்கள்

1. மெக்கானிக் விளக்கு சுவிட்சைப் போட விடவில்லை. ஏன்?

2. ஒரு வண்டியில் 10 நிமிடத்தில் 20 மில்லி பெட்ரோல் ஒழுகுகிறது. இரவு 8 மணி நேரத்தில் எவ்வளவு ஒழுகும்? உங்கள் ஊர் விலையில் அது எத்தனை ரூபாய்?

3. உங்கள் வீட்டில் வண்டி நிற்கும் இடத்துக்கும் அடுப்புக்கும் எத்தனை அடி தூரம்? நடந்து அளந்து பார்த்து எழுதுங்கள்.